வேலூரிலிருந்து எம்.ஏ. சமூகவியல்: அடிக்கடி வரும் கேள்விகளும் என் பதில்களும்

ஒவ்வொரு வருடமும் டிகிரி ரிசல்ட் வருகிற நேரத்தில் எனக்கு போன் வரத் தொடங்கிவிடும். காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், அணைக்கட்டு பக்கத்துப் பிள்ளைகள் பேசுவார்கள். சில நேரம் அவர்களுடைய அப்பாவோ அம்மாவோ பேசுவார்கள். நான் குடியாத்தத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள். பி.காம். முடித்துவிட்டு எம்.ஏ. சமூகவியல் படித்தேன். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடமாகக் கள ஆய்வுதான் என் பிழைப்பு. ஒரே கேள்விக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பழைய வடாற்காடு முழுவதையும் மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். 1989-இல் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது, 2019-இல் வேலூர் மறுபடி மூன்றானது. ஆனால் சந்தைக்குப் போவதும் பெண் எடுப்பதும் பெண் கொடுப்பதும் இன்னும் பழைய எல்லைக்குள்ளேயே நடக்கின்றன.

சமூகவியல் என்றால் சாதியைப் பற்றிய படிப்பா?

இந்தக் கேள்வியை யாரும் தப்பாக நினைத்துக் கேட்பதில்லை. நம் ஊரில் “நீங்க எந்த சமூகம்?” என்று கேட்டால் அது சாதியைக் கேட்பதுதான். “எங்க சமூகத்துல இப்படிச் செய்ய மாட்டோம்” என்றாலும் அதே பொருள்தான். அதனால் “சமூகவியல் படிக்கிறேன்” என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் ஒரு நொடி தயங்குவார். என் மாமா ஒருவர், “அதைப் போயி எதுக்கும்மா படிக்கணும், நமக்குத் தெரியாததா?” என்று கேட்டார்.

மனிதர்கள் சேர்ந்து வாழ்வதில் உருவாகிற ஒழுங்குகளையும் உடைசல்களையும் ஆராய்வதுதான் சமூகவியல். சாதி அதில் ஒரு பெரிய பகுதி. குடும்பம், மதம், வேலை, நகரம், நோய், கல்வி, குற்றம், இடப்பெயர்ச்சி எல்லாமும் உண்டு. ஆனால் அந்தச் சொல் நம் பேச்சில் எப்படிச் சாதிக்கு மறுபெயர் ஆனது என்று யோசித்துப் பாருங்கள். அப்படி யோசிக்கத் தொடங்கினாலே பாடத்துக்குள் ஒரு கால் வைத்துவிட்டீர்கள்.

இன்னொரு உதாரணம். சி.எம்.சி. மருத்துவமனைக்கு எதிரே காந்தி ரோட்டில் நடந்தால் லாட்ஜ், மருந்துக்கடை, மெஸ் என்று எல்லாப் பலகைகளிலும் வங்காள எழுத்து இருக்கும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு, வங்கதேசம் என்று எங்கெங்கிருந்தோ நோயாளிகள் காட்பாடி ஜங்ஷனில் வந்து இறங்குகிறார்கள். நமக்கு அது பழகிப்போன காட்சி. சமூகவியல் மாணவருக்கு அங்கே நூறு கேள்வி இருக்கிறது. வங்காளம் பேசக் கற்றுக்கொண்ட உள்ளூர்க்காரர்கள் யார்? அறை வாடகைக்கு விடும் குடும்பங்கள் முன்பு என்ன தொழில் செய்தன? மூன்று மாதம் தங்கிவிட்ட நோயாளியின் மனைவி யாரிடம் கைமாற்று வாங்குகிறாள்? அந்தத் தெருக்காரர்கள் அவர்களைப் பற்றி வீட்டுக்குள் எப்படிப் பேசுகிறார்கள்? இவற்றுக்கு ஊகத்தால் பதில் சொல்லாமல் முறையாகத் தேடிக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொள்வதற்குத்தான் இரண்டு வருடம்.

எம்.எஸ்.டபிள்யூ.வுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

எம்.எஸ்.டபிள்யூ. என்பது சமூகப்பணி. ஒரு பிரச்சினையில் இறங்கி உதவி செய்யப் பயிற்சி தருவது. ராணிப்பேட்டையில் ஒரு தோல் தொழிலாளிக்குக் கையில் புண் வந்தால், அவருக்கு இ.எஸ்.ஐ. சிகிச்சை கிடைக்க வழி செய்வது சமூகப்பணியாளர் வேலை. ஈரத்தோலைக் கையாளும் வேலைக்கு ஏன் தலைமுறை தலைமுறையாக ஒரே சேரிகளிலிருந்து ஆள் வருகிறார்கள், ஷூ தைக்கும் பிரிவில் ஏன் பெரும்பாலும் பெண்கள், கண்காணிப்பாளர் நாற்காலியில் யார் என்று தேடுவது சமூகவியல். உடனே வேலை வேண்டும், மனிதர்களோடு நேரடியாக நின்று செயல்பட வேண்டும் என்றால் தயங்காமல் எம்.எஸ்.டபிள்யூ. எடுங்கள். நிறையப் பேர் வேலை செய்யும் பெரிய ஆலைகளில் நல அலுவலர் வைக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அந்த வேலைக்கு சமூகப்பணி, தொழிலாளர் நலம் படித்தவர்களைத்தான் தேடுவார்கள். ஆம்பூர் ஷூ கம்பெனிகளை மனதில் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

பி.எஸ்சி., பி.காம். படித்தவர்கள் சேரலாமா?

சேரலாம். பெரும்பாலான இடங்களில் ஏதாவது ஒரு பட்டம் போதும். நானே கணக்குப் பதிவியலிலிருந்து வந்தவள்தான். முதல் செமஸ்டரில் மூச்சு முட்டும், அது எல்லோருக்கும் முட்டும். சேர்வதற்கு முன் என்.சி.இ.ஆர்.டி.யின் 11, 12-ஆம் வகுப்பு சமூகவியல் புத்தகங்களைப் படித்துவிடுங்கள். மொத்தம் நான்கு. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆங்கிலம் எளிமையாக இருக்கும், இந்திய உதாரணங்களாகவே இருக்கும்.

எங்கே படிக்கலாம்?

முதலில் நம் பக்கம். சேர்க்காட்டிலிருக்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் இந்த வருடம் எவை சமூகவியல் முதுகலை நடத்துகின்றன என்று அவரவர் சேர்க்கைக் குறிப்பேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். யாரோ சொன்னார்கள் என்று போய் நிற்காதீர்கள். பாடப்பிரிவுகள் வருடத்துக்கு வருடம் மாறும்.

தமிழ்நாட்டுக்குள் சென்னைப் பல்கலைக்கழகம், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம், திருநெல்வேலியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் சமூகவியல் துறைகள் இருக்கின்றன. நமக்கு சென்னையும் சேலமும் ரயிலில் போய்வருகிற தூரம்தான். கொஞ்சம் தள்ளிப் போகத் துணிந்தால் புதுச்சேரிப் பல்கலைக்கழகம், ஹைதராபாத் பல்கலைக்கழகம், டெல்லியில் ஜே.என்.யூ., டெல்லி பல்கலைக்கழகம்.

இந்த மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் பி.ஜி. நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இங்கேதான் நம் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் கோட்டை விடுகிறார்கள். சமீப ஆண்டுகளில் தேர்வு மார்ச் வாக்கில் நடக்கிறது, விண்ணப்பம் அதற்கும் முன்பே டிசம்பர், ஜனவரியில் திறந்துவிடுகிறது. ரிசல்ட் வந்த பிறகு என்னிடம் கேட்டால் நான் என்ன செய்வேன்? மூன்றாம் வருடம் படிக்கும் தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால் பொங்கலுக்கு முன்பே அந்தத் தேர்வின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.

பணம் தடையாக இருந்தால் உடனே வேண்டாம் என்று முடிவெடுக்காதீர்கள். ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கும் பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களுக்கு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை முதுகலைக்கும் உண்டு. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பு, இந்த மூன்றையும் சேர்க்கைக்கு முன்பே சரிசெய்து வையுங்கள்.

தொலைநிலையில் படித்தால் மதிப்பு இருக்குமா?

இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஏ. சமூகவியல் முறையாக அங்கீகாரம் பெற்றது. கல்லூரி ஆசிரியர் ஆவதற்கான நெட் தகுதித் தேர்வுக்கும் செல்லும். வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களுக்கும் கைக்குழந்தையோடு இருப்பவர்களுக்கும் அதைத்தான் சொல்வேன். பாடப் புத்தகங்களும் நன்றாக இருக்கும். வகுப்பில் சண்டை போட்டுப் பேச ஆள் இருக்க மாட்டார்கள். அந்தக் குறையை நீங்களாக நான்கு பேரைச் சேர்த்து ஈடுகட்ட வேண்டும்.

பாடங்கள் எப்படி இருக்கும்? தியரி ரொம்பக் கஷ்டம் என்கிறார்களே?

இரண்டு வருடம், நான்கு செமஸ்டர். சமூகவியல் கோட்பாடுகள், இந்தியச் சமூகம், ஆய்வு முறையியல், கொஞ்சம் புள்ளியியல், கிராமம், நகரம், பாலினம், மருத்துவம், சுற்றுச்சூழல் என்று விருப்பப் பாடங்கள், கடைசியில் ஆய்வேடு. இடத்துக்கு இடம் பெயர் மாறும், ஆனால் எலும்புக்கூடு இதுதான்.

தியரி கஷ்டம் என்பதை மறுக்க மாட்டேன். மார்க்ஸ், டர்கைம், வெபர் என்று இந்தப் பாடத்துக்கு அடித்தளம் போட்ட மூன்று பேரோடு ஒரு வருடம் குடித்தனம் நடத்த வேண்டும். அவர்கள் பார்த்தது அவர்கள் காலத்து ஐரோப்பாவை. மனப்பாடம் செய்தால் தேர்வுக்கு மறுநாள் மறந்துவிடும். எனக்கு அவர்கள் புரிந்தது அவர்களை நம் ஊருக்கு அழைத்து வந்த பிறகுதான். கூட்டமாக வழிபடும்போது மனிதர்களுக்கு ஒரு தனி வேகம் பிறக்கிறது, அந்த வேகத்தில் அவர்கள் தங்களுடைய குழுவையே உணர்கிறார்கள் என்பது டர்கைம் சொன்ன ஒரு கருத்து. புத்தகத்தில் பத்து முறை படித்தும் அது எனக்கு வெறும் வாக்கியம். சிவராத்திரிக்கு மறுநாள் மயானக் கொள்ளைக்குப் பாலாற்றங்கரையில் நின்றேன். அங்காளம்மன் தேர் வருகிறது, பம்பை அடிக்கிறது, வேஷம் கட்டியவர்கள் ஆடுகிறார்கள், கொழுக்கட்டையும் சுண்டலும் சில்லறையும் கூட்டத்தின் மேல் விழுகின்றன. சிறு வயதிலிருந்து பார்த்த திருவிழாதான். அன்றைக்குத்தான் அந்த வாக்கியம் எனக்குள் இறங்கியது. கூடவே, அவர் சொல்லாத ஒன்றும் தெரிந்தது. கூட்டம் ஒன்றாக ஆடினாலும் எந்தத் தெருத் தேர் முதலில் போவது என்பதில் அடிதடி வரும். “நாம் எல்லோரும் ஒன்று” என்ற உணர்வும் “நீ வேறு, நான் வேறு” என்ற உணர்வும் ஒரே பம்பைச் சத்தத்தில் எழுகின்றன. இதை வகுப்பில் சொன்னபோது எங்கள் பேராசிரியை, “அதை எழுது” என்றார். தியரியைப் படிப்பது என்றால் அதோடு பேசுவது என்று அன்றைக்குப் புரிந்தது.

இந்திய ஆசிரியர்களில் எம்.என். சீனிவாஸ் கட்டாயம் வருவார். தாழ்த்தப்பட்ட நிலையிலிருக்கும் சாதியொன்று மேல்சாதி வழக்கங்களைக் கைக்கொண்டு படியேற முயல்வதை அவர் சமஸ்கிருதமயமாக்கம் என்றார். உங்கள் ஊர்ப் பொன்னியம்மன் கோயிலில் எந்த வருடம் கிடா வெட்டு நின்றது, எந்த வருடம் ஐயரை வைத்துக் கும்பாபிஷேகம் நடந்தது என்று பெரியவர்களைக் கேளுங்கள், அந்தச் சொல் விளங்கும். இவருடைய வாழ்க்கையில் ஒரு சம்பவம் எனக்கு எப்போதும் மனதை விட்டு நீங்காது. 1948-இல் மைசூர்ப் பக்கத்துக் கிராமமொன்றில் தங்கி எடுத்த குறிப்புகளைப் பல வருடம் உழைத்து ஒழுங்குபடுத்தி வைத்திருந்தார். 1970-இல் அமெரிக்காவில் அவர் இருந்த ஆய்வு மையத்துக்குத் தீ வைத்தபோது அவை எரிந்துபோயின. பிறகு நினைவிலிருந்தே அந்தக் கிராமத்தை எழுதினார். களத்தில் முழு மனதோடு இருந்தவரால் மட்டுமே அப்படி எழுத முடியும்.

அப்புறம் அம்பேத்கர். 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் சாதியின் தோற்றத்தைப் பற்றி அவர் கட்டுரை வாசித்தபோது வயது 25, மாணவர். அகமணம்தான், அதாவது சாதிக்குள்ளேயே கல்யாணம் செய்வதுதான், சாதியைச் சாதியாக வைத்திருக்கும் முடிச்சு என்று அதில் வாதிட்டார். நூறு வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் நம் பக்கத்துக் கல்யாண மண்டப வாசலில் நிற்கும் பேனர்களைப் பார்த்தால் அந்த வாதம் கண்முன் நிற்கிறது.

எனக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. தாக்குப்பிடிக்க முடியுமா?

அதிகம் பேர் கேட்பது இதுதான். கேட்கும்போதே குரல் இறங்கிவிடும். தமிழ் வழியில் படித்தவர்களின் பயம் எனக்குத் தெரியும், நானும் அரசுப் பள்ளிதான்.

உண்மையைச் சொல்கிறேன். முதுகலையில் படிக்க வேண்டியவற்றில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. நெட் தேர்வின் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. ஆகவே ஆங்கிலம் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்கு வந்தே ஆக வேண்டும். ஆனால் சரளமாகப் பேசுவது வேறு, படித்துப் புரிந்துகொள்வது வேறு. இரண்டாவது மட்டும் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிடும்.

நான் செய்ததைச் சொல்கிறேன். ஒரு நாளைக்கு இரண்டே பக்கம். ஒவ்வொரு பத்தியையும் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அம்மாவுக்குச் சொல்வதுபோலத் தமிழில் இரண்டு வரி எழுதுவேன். எழுத வரவில்லை என்றால் எனக்குப் புரியவில்லை என்று அர்த்தம், மறுபடியும் படிப்பேன். கலைச்சொற்களுக்குத் தனி நோட்டு. ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், அடுத்த பக்கம் தமிழ்ச் சொல், அதன் கீழே எங்கள் ஊரிலிருந்து ஒரு உதாரணம். முதல் செமஸ்டர் முடிவில் அந்த நோட்டை வாங்கிப் பார்க்க வகுப்பில் வரிசை நின்றது, நன்றாக ஆங்கிலம் பேசுகிறவர்கள் உட்பட.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. களத்துக்குப் போனால் பேட்டி தமிழில்தான். அதுவும் வடாற்காட்டுத் தமிழில். எல்லையோரக் கிராமங்களில் தெலுங்கு, ஆம்பூர் வாணியம்பாடியில் உருது. “கழனி” என்றால் எது, “கொல்லி” என்றால் எது, ஒரு கிழவி பேச்சின் நடுவே பெருமூச்சு விட்டு நிறுத்தினால் அதற்கு மேல் கேட்கக்கூடாது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வரும் ஆய்வாளர் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் கழித்துக் கற்பதை நீங்கள் இடுப்பில் முடிந்துகொண்டு வருகிறீர்கள்.

மாநில அரசு வேலையை நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை உண்டு. பள்ளியிலிருந்து தமிழ் வழிதான் என்றால் அந்தச் சான்றிதழ்களைப் பத்திரமாக வாங்கி வையுங்கள்.

ஆய்வேட்டுக்கு வேலூர் பக்கம் என்ன தலைப்பு எடுக்கலாம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி.

முதலில் ஒரு விஷயம். நம் வடாற்காடு ஆய்வாளர்களுக்குப் புதிய இடம் அல்ல. 1916-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கொண்டு கிராமங்களை ஆய்வு செய்யவைத்தார். அவற்றில் ஒன்று காஞ்சிபுரத்துக்குப் பக்கத்திலிருக்கும் தூசி. அன்று வடாற்காடு, இன்று திருவண்ணாமலை மாவட்டம். அதே கிராமங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் திரும்பத் திரும்பப் போய் என்ன மாறியது என்று பார்த்தார்கள். 1970-களில் பசுமைப் புரட்சி என்ன செய்தது என்று பார்க்க கேம்பிரிட்ஜிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஒரு குழு வடாற்காட்டு நெல் கிராமங்களுக்கு வந்தது. ஜான் ஹாரிஸ் ராந்தம் கிராமத்தில் தங்கினார். பார்பரா ஹாரிஸ்-ஒயிட் 1973-இல் ஆரணியின் கடைத்தெருவை ஆராயத் தொடங்கி, நாற்பது வருடத்துக்கு மேல் அந்த ஒரே ஊருக்குத் திரும்பத் திரும்ப வந்தார். ஆரணியின் அரிசி ஆலையையும் பட்டுத் தறியையும் உலகப் பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள். ஆரணிப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. எனக்கு இதில் வருத்தம் உண்டு.

இனி தலைப்புகள்.

பாலாறும் தோல் தொழிலும். 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக ஏற்றுக்கொண்டது. சட்டக் கல்லூரிகளில் அந்தத் தீர்ப்பைப் படிக்காதவர்கள் இல்லை. ஆனால் கிணறு கெட்டுப்போன குடும்பம் அதற்குப் பிறகு என்ன ஆனது? நிலத்தை யாருக்கு விற்றது? அந்த வீட்டுப் பெண் இன்று எந்த ஷூ கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறாள்? மாசுபடுத்திய தொழிலே வேலை கொடுக்கும் தொழிலாகவும் இருக்கும்போது ஊர் எப்படிப் பேசுகிறது, எதைப் பேசாமல் விடுகிறது? இந்த ஒரு பகுதியில் பத்து ஆய்வேடு இருக்கிறது.

கணியம்பாடி பக்கம் கம்மவான்பேட்டை. வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர். ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். அப்பா எல்லையில் இருக்கும் ஊரில் குடும்பத்தை நடத்தியது யார்? பென்ஷன் வந்த பிறகு ஊரில் யார் பேச்சு எடுபடுகிறது?

ஜவ்வாது மலை. அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினருக்கும் கேரளத்துக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் என்பார்கள். பழங்குடியினர் பட்டியலில் அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் இன்னும் “வடாற்காடு” என்றுதான் இருக்கிறது. வரைபடத்திலிருந்து போன பெயர் சாதிச் சான்றிதழில் உயிரோடு இருக்கிறது. சாலை வந்த பிறகு மலைக் கிராமத்தில் பிரசவம் எங்கே நடக்கிறது, உறைவிடப் பள்ளியில் படித்த பெண் மலைக்குத் திரும்புகிறாளா என்பவை நல்ல தலைப்புகள். செம்மரம் வெட்டப் போனவர்களைப் பற்றி எழுதட்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். 2015 ஏப்ரலில் ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு அந்தக் குடும்பங்களிடம் எத்தனையோ பேர் போய்க் கேட்டுவிட்டார்கள். முதுகலை ஆய்வேட்டுக்காக அந்தக் காயத்தைத் தொடாதீர்கள். நீங்கள் எழுதும் ஒரு வரி ஒருவரை வழக்கில் மாட்டிவிடலாம்.

மற்றபடி குடியாத்தத்தில் கைத்தறி லுங்கி, தீப்பெட்டி, பீடி. வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சுற்றி முளைத்த வாடகை அறைகளும் வடநாட்டுச் சாப்பாட்டுக் கடைகளும். கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் எந்தத் தெருவுக்கு எந்த முறை. தெருக்கூத்துக் குழுக்களில் புதிய தலைமுறை. தலைப்பு சிறியதாக இருக்கட்டும். “வேலூர் மாவட்டப் பெண்களின் நிலை” என்று எழுதிக்கொண்டு வந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். “ஒரு தெரு, இருபது வீடு, ஒரு கேள்வி” போதும்.

களத்தில் என்ன தப்பு நடக்கும்?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் களப்பயிற்சிக்கு பீடி சுற்றும் பெண்களிடம் 40 வினாத்தாளோடு போனேன். முதல் பக்கத்திலேயே “தொழில்” என்று ஒரு கட்டம். “என்ன வேலை செய்றீங்கக்கா?” என்று கேட்டேன். மடியில் முறம், முறத்தில் இலையும் தூளும், விரல் நிற்காமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. “வேலைக்கெல்லாம் போகலம்மா, வீட்டுல சும்மாதான் இருக்கேன்” என்றார். நானும் “இல்லத்தரசி” என்று எழுதினேன். ஒன்றல்ல, 23 தாளில் அப்படி எழுதினேன். என் அம்மா பீடி சுற்றித்தான் எனக்கு பீஸ் கட்டினார். அப்படியிருந்தும் எழுதினேன்.

தாள்களைப் புரட்டிய பேராசிரியை ஒன்றும் திட்டவில்லை. “உங்க அம்மா என்ன வேலை செய்றாங்க?” என்று மட்டும் கேட்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

திரும்பப் போனேன். இந்த முறை வினாத்தாளை எடுக்கவில்லை. இலை வாரத்துக்கு எத்தனை நாள் வருது? ஒரு நாளைக்கு எத்தனை கட்டு? ஆயிரத்துக்கு எவ்வளவு? எத்தனை கழிச்சுத் தள்ளுறாங்க? பாஸ்புக் யார் பேர்ல இருக்கு? மகள் எத்தனை வயசுல இருந்து சுத்துறா? கேள்வி அவர்கள் பேச்சுக்கு வந்ததும் பதில் கொட்டியது. “சும்மா” என்ற சொல்லுக்குள் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் உழைப்பு இருந்தது. அந்தச் சொல்தான் கடைசியில் என் ஆய்வேட்டின் மையம் ஆனது. பெண்கள் தங்கள் உழைப்பை ஏன் வேலை என்று சொல்வதில்லை, அப்படிச் சொல்லாததால் யாருக்கு லாபம் என்பதுதான் கேள்வி.

இன்னும் சில. நீங்கள் எந்தச் சாதி என்று கேட்பார்கள். பொய் சொல்லாதீர்கள். சொன்ன பிறகு பேச்சு எப்படி மாறுகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், அதுவும் தரவுதான். ஊருக்குள் முதலில் யார் வீட்டில் டீ குடித்தீர்கள் என்பது மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். ஊர்த் தெருவில் மட்டும் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தால் காலனியில் உங்களிடம் யாரும் மனம் திறக்க மாட்டார்கள். பெயர்களை மாற்றி எழுதுங்கள். கேட்காமல் போனில் பதிவு செய்யாதீர்கள். முடிந்ததும் போய் என்ன எழுதினேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். இதைச் செய்பவர்கள் குறைவு.

பெண் பிள்ளையைக் களத்துக்கு எப்படி அனுப்புவது என்று வீட்டில் கேட்கிறார்கள்.

நியாயமான கவலை. இரண்டு பேராகப் போகலாம். காலையில் போய் ஐந்து மணிக்குள் பஸ் ஏறுவதுபோலத் திட்டமிடலாம். மலைக் கிராமம் என்றால் கடைசி பஸ் நேரத்தை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஊர் அங்கன்வாடி டீச்சரையோ சுகாதார செவிலியரையோ முதலில் பார்த்துப் பேசுங்கள். அவர்கள் கூட நடந்தால் கதவு தானாகத் திறக்கும். ஒரு முறை அம்மாவைக் கூடவே அழைத்துப் போங்கள். என் அம்மா ஒரு நாள் வந்தார். அன்று கிடைத்த பேட்டிகள்போல அதற்கு முன்னும் பின்னும் கிடைக்கவில்லை.

ஆய்வேட்டை டைப்பிங் சென்டரில் ரெடிமேடாக வாங்கிக்கொள்ளலாமா?

வேண்டாம். இரண்டு வருடப் படிப்பில் உங்களுக்கென்று மிஞ்சுவது அந்த ஒரு வேலைதான்.

வேலை கிடைக்குமா?

பட்டம் வாங்கியதும் வாசலில் வேலை நிற்காது. அதைத் தெரிந்துகொண்டு சேருங்கள்.

கல்லூரி ஆசிரியர் பணி வேண்டும் என்றால் நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வு. நெட் தேர்வுக்கு முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், ஓ.பி.சி., பட்டியல் சாதி, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு 50. மூன்று மணி நேரம், இரண்டு தாள், 150 கேள்வி, தப்புக்கு மதிப்பெண் கழிக்க மாட்டார்கள். அதே தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் பிஎச்.டி. ஆய்வுக்கு மாதம் 37,000 ரூபாய் வரும். ஒரு பீடிக்காரர் வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று சொல்லத் தேவையில்லை. முதல் வருடத்திலிருந்தே பழைய கேள்வித்தாள்களைப் போட்டுப் பாருங்கள். ஆனால் கல்லூரிகளில் நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. கௌரவ விரிவுரையாளராகவே பல வருடம் ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். அந்தக் கஷ்டத்தை மறைக்க மாட்டேன்.

யு.பி.எஸ்.சி. எழுதுபவர்களுக்கு சமூகவியல் விருப்பப் பாடமாக இரண்டு தாள், 500 மதிப்பெண். முதன்மைத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். இதற்கென்றே எம்.ஏ. சேருகிறவர்கள் உண்டு.

மூன்றாவது வழி ஆய்வுத் திட்டங்கள், தொண்டு நிறுவனங்கள், கணக்கெடுப்புகள். வேலூரில் இதற்கு நல்ல மண் இருக்கிறது. சி.எம்.சி.யின் சமுதாய சுகாதாரத் துறை பாகாயத்தில் இருக்கிறது, கே.வி. குப்பத்தில் 1977 முதல் ருஹ்சா என்ற அதன் கிராம சுகாதார, சமூக நலப் பிரிவு இயங்குகிறது. இதுபோன்ற இடங்களில் மக்களிடம் பேசத் தெரிந்தவர்களும் பேசியதை ஒழுங்காக எழுதத் தெரிந்தவர்களும் எப்போதும் தேவைப்படுகிறார்கள். ஆரம்பத்தில் சம்பளம் குறைவு, வேலை ஒப்பந்த அடிப்படையில். எக்செல்லும் எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளும் கற்றுக்கொண்டவர்கள் சீக்கிரம் மேலே போகிறார்கள். நான் வந்த வழி இதுதான்.

பிஎச்.டி. செய்யலாமா?

ஒரு கேள்வி உங்களை விடாமல் துரத்தினால் செய்யலாம். அடையாறில் இருக்கும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தை ஒரு முறை போய்ப் பாருங்கள். அதை 1971-இல் தொடங்கிய மால்கம் ஆதிசேஷையா வேலூரில் பிறந்தவர், ஊரீசு கல்லூரியில் படித்தவர். வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும் முன் அவரிடம் ஏற்கெனவே படிக்கும் இரண்டு மாணவர்களிடம் தனியாகப் பேசுங்கள். நான் அப்படிப் பேசாமல் ஒரு இடத்தில் சேர்ந்து ஒன்றரை வருடம் இழந்தேன்.

கல்லூரி திறக்க இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. இப்போதே என்ன செய்யலாம்?

200 பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். உங்கள் தெருவின் படத்தை வரையுங்கள். எந்த வீடு, அதில் எத்தனை பேர், என்ன வேலை, எந்த ஊரிலிருந்து வந்தவர்கள். தெரியாத வீட்டைக் காலியாக விடுங்கள். எந்த வீடுகளைப் பற்றி உங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்று பாருங்கள். அப்புறம் ஒரு மாலை உங்கள் ஆயாவிடம் உட்கார்ந்து, அவர் கல்யாணமாகி வந்தபோது இந்தத் தெருவில் குடிதண்ணீர் எந்தக் கிணற்றில் எடுத்தார்கள், யார் யார் அந்தக் கிணற்றுக்கு வரக்கூடாது என்று கேளுங்கள். குறுக்கே பேசாதீர்கள். அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிக்கொண்டு, மேலே தேதியும் நேரமும் போடுங்கள்.